உட்பக்கம்

மூன்று வாரமாய் மழையில்லை.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை
புழுதி பிடித்துக் கிடக்கிறது.
தவமலர் அக்காவின் மேல்மாடி அறையில் மட்டும்
சுவரோரப் பலகை
ஊறிய அப்பளமாய் நெளிகிறது.

"பைப் ஏதும் உடைஞ்சிட்டுதோ?"
இந்தச் சுவரில் பைப்பே இல்லை.
"அப்ப கூரை?"
ஏறிப் பார்த்தேன்.
பீலியில் காகம் விட்டுப்போன ஒரு மீன்முள்.
வேறொன்றும் இல்லை.

ஈரமானியின் இரண்டு ஊசிகளையும்
சட்டத்தில் குத்தினேன்.
முப்பத்தொன்று.
ஒரு முழம் தள்ளி இருபத்தொன்பது.
ஏசியின் வாய்க்கு நேரே முப்பத்தெட்டு.
இருபதைத் தாண்டிய மரத்தில்
பூஞ்சணம் வாடகை கேட்காமலே குடியேறும்.

வரைபடம் மொன்றியலிலிருந்து வந்தது.
அக்காவின் மூத்தவன் நிரோஜன்
அங்கே மரவீடுகள் கட்டுகிறவன்.
பழைய தட்டு செங்கல்லைத் தாங்காது,
மரச்சட்டத்தில் எழுப்புங்கோ என்றான்.
அதில் பிழையில்லை.
சட்டம், சட்டத்துக்கிடையில் பஞ்சு,
உட்பக்கம் பொலித்தீன், ஒரு துளையும் விடவேண்டாம்,
அதன்மேல் ஜிப்சம் பலகை.
உட்பக்கம் என்ற சொல்லின் கீழே
இரண்டு கோடு இழுத்திருந்தான்.

சரிபார்த்தது நான்.
அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்
என் கையெழுத்து
இன்னும் நீலமாய்த்தான் இருக்கிறது.

சுனிமல் பாஸ் திருகாணிகளைக் கழற்றி
வாயில் இடுக்கிக்கொண்டார்.
பலகை வந்தது. பொலித்தீன் தெரிந்தது.
எங்கள் பக்கம் காய்ந்த தூசி.
விரலால் அழுத்தியபோது
மறுபக்கத்தில் ஏதோ உருண்டு ஓடியது.
கத்தி வைத்த இடத்தில்
நீர் அவர் முழங்கைவரை வழிந்தது.
பஞ்சு பிழியாத சீலைபோல் தொங்கியது.
ஆணித் தலைகள் எல்லாம் தேயிலைச் சாயம்.

அங்கே வெளியில் பனி.
வீட்டுக்குள் கொதிக்கும் கேத்தலின் ஆவி
குளிரைத் தேடி வெளியே போகப் பார்க்கும்;
உள்ளே மறிக்கவேண்டும்.
இங்கே தண்டவாளம் தாண்டி வரும் கடற்காற்று
வரும்போதே நனைந்துதான் வருகிறது.
பலகை இடுக்கால் நுழைந்து, பஞ்சைக் கடந்து,
குளிர்ந்த பொலித்தீனில் முகம் வைத்து
அங்கேயே நின்றுவிடுகிறது.
அக்கா கொண்டுவந்த நெல்லிச்சாறு
யன்னல் கட்டில் இருந்தது.
கிளாஸின் வெளிப்புறம் முழுக்க வியர்வை.
ஐந்து வருடம் படித்தேன்,
அந்தக் கிளாஸை ஒருநாளும் பார்க்கவில்லை.

"ஏசியை எத்தனையில வைப்பீங்கள், அக்கா?"
"பதினெட்டு."
"ஆர் படுக்கிறது இங்க?"
"ஒருத்தரும் இல்லை."

ஆடியில் வந்தவன் பன்னிரண்டு நாள் நின்றான்.
வெக்கையில் நித்திரையில்லை என்று
பதினெட்டில் வைத்தானாம்.
போனபிறகு அவள் அதைத் தொடவில்லை.
ரிமோட் இன்னும் அதன் பிளாஸ்ரிக் உறைக்குள்.
பூட்டிய அறைக்கு மாதாமாதம்
மின்சாரக் கட்டணம் கட்டுகிறாள்.

சுனிமல் பாஸ் திருப்புளியால்
ஒவ்வொரு சட்டமாய்க் குத்திப் பார்த்தார்.
மூலையில் மட்டும் அரை அங்குலம் இறங்கியது.
"இது ஒண்டு மாத்தணும், மிஸ்.
மத்தது தாங்கும். மூட வேணாம் இப்ப."

பொலித்தீனை முழுதாய் உரித்தோம்.
வெளிப்பலகைக்குப் பின்னால்
காற்றோட இரண்டு விரல் இடைவெளி,
கீழே வலை, மேலே வலை.
ஒரு நின்றவிசிறி இரவு பகலாய்த் தலையாட்டியது.

நிரோஜனுக்கு எழுதினேன்:
பிழை என்னுடையது.
நீங்கள் சொன்னது உங்கள் ஊருக்குச் சரி.
இரண்டாம் வரியை எழுதி, அழித்து,
பிறகு அப்படியே அனுப்பினேன்.
அறையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் இருபத்தைந்து.
பத்தொன்பதாம் நாள் இருபது.
இன்று பதினேழு.
எண்ணைக் காட்டினேன்.
அக்கா அதைப் பார்க்கவில்லை.

"இருபத்தாறில வைச்சால்
அவனுக்குக் காணுமோ, பிள்ளை?"

ஊசிகளை இழுத்து எடுத்தேன்.
சட்டத்தில் இரண்டு சிறு துளை.
சுனிமல் பாஸ் பலகையைத் தூக்கி வைத்து
திருகாணிக்குக் கை நீட்டினார்.